வலது பக்கம் ஏறிய முடி

மார்ச் 4, செவ்வாய்

இன்று காலை சட்டையைப் போட்டதும் முதுகு சண்டைக்கு வந்துவிட்டது. இடது தோள்பட்டைக்கும் நடுமுதுகுக்கும் இடையே உள்ளங்கை அகலத்துக்கு ஒரே எரிச்சல். மிளகாய் அரைத்த கையால் யாரோ தடவிவிட்ட மாதிரி. அடிபடவில்லை, எதையும் தூக்கவில்லை. துணி பட்டாலே எரிகிறது என்றால் மனுஷி எதைத்தான் உடுத்துவது?

தைலம், ஒத்தடம், புதுத் தலையணை எல்லாம் ஆயிற்று. தலையணை வீட்டுக்காரருக்குப் பிடித்துப்போய், அவரே எடுத்துக்கொண்டுவிட்டார்.

மார்ச் 9, ஞாயிறு

கடைக்கு விடுமுறை. முதுகுக்கு இல்லை.

மார்ச் 13, வியாழன்

நரம்பு டாக்டரிடம் போனேன். படங்களை வெளிச்சத்தில் பிடித்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஸ்கேன் சுத்தமா இருக்கும்மா."

பரீட்சையில் பாஸானவள் மாதிரி அசடு வழிந்தேன். "அப்போ ஏன் டாக்டர் எரியுது?"

"நரம்பு சில நேரம் காரணமில்லாம கத்தும். ஏன்னு எனக்கும் தெரியல."

தெரியல என்று ஒரு டாக்டர் சொல்லி இப்போதுதான் கேட்கிறேன். மனுஷனைப் பிடித்துப்போயிற்று.

கடைக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். முடிவெட்டும் கடை எங்கள் இருவருக்கும் சொந்தம். கல்லாவும் சாயம் பூசுவதும் அவள், கத்தரிக்கோல் நான். "ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்கல்ல? நினைச்சுக்கிட்டே இருந்தா வலிக்கத்தான்டி செய்யும்" என்றாள்.

சுருக்கென்று இருந்தது. இனி அவளிடம் வாயைத் திறப்பதில்லை.

மார்ச் 18, செவ்வாய்

திறக்கவில்லை. மாத்திரை போட்டால் கண் சொக்குகிறது, போடாவிட்டால் எரிகிறது. சீப்பைக் கீழே போட்டு, எடுக்கிற சாக்கில் கொஞ்ச நேரம் குனிந்தே இருக்கிறேன். நல்ல ஓய்வு. "கையில என்ன வெண்ணெயா?" என்கிறாள் அக்கா.

மார்ச் 27, வியாழன்

பயமாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன் — சொல்லத்தானே கூடாது?

எனக்கு வேறு வேலை தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. வெட்டி முடித்ததும் ஒருத்தி கண்ணாடியில் தன்னைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பாளே, அதற்காகத்தான் நாளெல்லாம் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். அது போய்விட்டால் நான் என்ன செய்வேன்?

"அக்காகிட்ட சொல்லேன்" என்றார் வீட்டுக்காரர்.

"சொன்னேனே. நம்பலையே."

"அப்போ நாளைக்கு என் முதுக மாட்டிக்கிட்டு போ."

சிரித்தால்கூட எரிகிறது. படுபாவி.

ஏப்ரல் 3, வியாழன்

என் மூக்கு உடைந்த நாள்.

போன வாரம் வெட்டிக்கொண்டு போன டீச்சர் வந்தார். கூட அவர் பள்ளிக்கூடத்திலேயே வேலை பார்க்கும் இரண்டு பேர். அவர்களுக்கும் நான்தான் வெட்டியிருந்தேன். மூவரும் வரிசையாக முதுகைக் காட்டி நின்றார்கள்.

"பாருங்க, மூணு பேருக்கும் வலது பக்கம் ஏறியிருக்கு. யாரோ எங்களக் காதப் பிடிச்சுத் தூக்கின மாதிரி இருக்குன்னு பசங்க சிரிக்கிறாங்க."

அக்கா முகத்தில் ஈயாடவில்லை. நேராகத்தான் வெட்டினேன் என்று சத்தியம் செய்தேன். இப்போது பார்த்தாலும் எனக்கு நேராகத்தான் தெரிந்தது! அக்கா பின்னால் வந்து, இரண்டு கையாலும் என் தலையைப் பிடித்து நிமிர்த்தினாள். அவ்வளவுதான், மூன்று தலையும் ஒரே நேரத்தில் கோணிக்கொண்டன.

வலிக்கிற பக்கம் தோள் இறங்கி, கூடவே தலையும் சாய்ந்து, அந்தச் சாய்வே எனக்கு நேர் ஆகிவிட்டிருக்கிறது. இத்தனை நாளாக எத்தனை பேரைக் கோணலாக அனுப்பினேனோ!

அக்காதான் எல்லோருக்கும் சரிசெய்து அனுப்பினாள். அவர்கள் போனதும் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "இவ்வளவு வலியாடி?"

ஆமாம் என்று சொல்ல வந்தவள் அழுதுவிட்டேன். ஸ்கேனில் தெரியாதது மூன்று டீச்சர்கள் தலையில் தெரிந்துவிட்டது.

ஏப்ரல் 4, வெள்ளி

நம்பினாளே என்று சந்தோஷப்பட்டால், நம்பி வைத்தாள் ஆப்பு. "நீ கல்லாவுல உக்காரு. குணமாகிற வரைக்கும் கத்தரிக்கோலத் தொடக் கூடாது."

குணமாகிற வரைக்குமா? அது எப்போது என்று டாக்டருக்கே தெரியாதே!

ஏப்ரல் 15, செவ்வாய்

கல்லா. சில்லறை. கொட்டாவி. சும்மா உட்கார்ந்திருந்தாலும் எரியத்தான் எரிகிறது. இதற்கு வெட்டிக்கொண்டாவது இருக்கலாம்.

பிசியோதெரபி பெண்ணிடம் புலம்பினேன். "அசையாம இருந்தா இன்னும் மோசம். வேலை பாருங்க. ஆனா வலி ஏறுதுன்னு தெரிஞ்சதும் நிறுத்திடணும். இறங்கினதும் திரும்ப ஆரம்பிங்க" என்றாள்.

நாற்காலியில் ஆளை வைத்துக்கொண்டு பாதியில் நிறுத்துவதா? எங்கள் தொழிலில் நடக்கிற காரியமா அது?

ஏப்ரல் 24, வியாழன்

பிசியோதெரபி பெண் சொன்னதை அக்காவிடமும் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டே சாயக் கிண்ணத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கிண்ணம் இவ்வளவு பளபளத்து நான் பார்த்ததில்லை.

மே 6, செவ்வாய்

காலையில் கடை திறந்ததும் அக்கா என் நாற்காலியில் போய் உட்கார்ந்து, துணியைத் தானே கழுத்தில் கட்டிக்கொண்டாள். இடுப்பு வரை முடி அவளுக்கு. நுனியைக்கூட என்னைத் தொடவிட்டதில்லை.

"தோள் வரைக்கும் வெட்டு."

"கோணிக்கிச்சுன்னா?"

"கோணட்டும். வளரும்ல."

முக்காலியில் உட்கார்ந்து, அடிக்கொரு தரம் கண்ணாடியில் என் தலையை நிமிர்த்திக்கொண்டு வெட்டினேன். வலது பக்கம் முடிந்தது. இடது பக்கம் சீப்பை வைத்தபோது எரிச்சல் ஏறிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். நிமிர்ந்தால், கண்ணாடியில் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. நீயா சொல்றியான்னு பாக்கறேன்."

கடையில் ஆட்கள் வேறு காத்திருந்தார்கள். கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். "வலிக்குதுக்கா. கொஞ்சம் நிறுத்திக்கறேன்."

"சரி" என்று எழுந்தாள். ஒரு பக்கம் தோள் வரையும் மறு பக்கம் இடுப்பு வரையும் முடி தொங்க, நேரே கல்லாவில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

நான் உள்ளறையில் ஒருக்களித்துப் படுத்திருந்தேன். யாரோ ஒரு பெண் கேட்பது காதில் விழுந்தது. "இது என்னக்கா, புது ஸ்டைலா?"

"இல்லம்மா. என் தங்கச்சிக்கு முதுகுவலி. இறங்கினதும் வந்து மிச்சத்த வெட்டுவா. உக்காருங்க, அடுத்து உங்களுக்குத்தான்."