அக்கா, புலிக்குப் புற்று இல்லை

என் ஆசை எஸ்தர் அக்கா,

இந்தச் செய்தியை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ரோகிணிக்குப் புற்றுநோய் இல்லை.

ரோகிணியை உனக்குத் தெரியாது. நீ போன பிறகு எங்கள் உயிரியல் பூங்காவுக்கு வந்த பெண்புலி. போன மாதம் அதைப் பராமரிக்கும் ஏழுமலை அண்ணன் என் அறை வாசலில் வந்து நின்றார். “டாக்டரம்மா, கறியெல்லாம் நல்லாத்தான் துன்னுது. ஆனா கம்பியாண்ட வந்து சாஞ்சப்ப பாத்தேன், அடிவயித்துல இன்னாமோ உருண்டையா கீது” என்றார்.

போய்ப் பார்த்தேன். பால்காம்பை ஒட்டி, எலுமிச்சம்பழம் அளவு. புலிக்கு அந்த இடத்தில் கட்டி வந்தால் பெரும்பாலும் கெட்டதாகத்தான் இருக்கும். வலித்தாலும் அது காட்டிக்கொள்ளாது. நாம் பார்ப்பதற்குள் நுரையீரலுக்கும் பரவியிருக்கும்.

எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது.

உன் மார்பில் என்ன வீக்கம் என்று கேட்டபோது, “கம்பெனில மிஷின்ல இடிச்சிகினேன்டி, வுடு” என்றாய். நானும் விட்டுவிட்டேன். மறு வருஷம் நீ இல்லை. விலங்குகளைத் தினமும் தொட்டுப் பார்க்கிறவள், உன்னை ஏன் தொட்டுப் பார்க்கவில்லை? நீ சொன்னதை நம்பினேனா, நம்பினால் போதும் என்று இருந்தேனா?

இந்த முறை விடவில்லை. ஏழுமலை அண்ணன் பெயர் சொல்லிக் கூப்பிட, ரோகிணி கம்பியோரம் வந்து படுத்தது. மயக்க ஊசி போட்டோம். முதலில் நெஞ்சுக்கு எக்ஸ்ரே, சுத்தமாக இருந்தது. கட்டியை முழுசாக எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினேன். நல்லதா கெட்டதா என்று விரலுக்குத் தெரியாது அக்கா. சதையை மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும்.

முடிவு வரப் பத்து நாள் ஆனது. “ரிப்போர்ட்டு வந்துச்சா?” என்று தினமும் காலையில் கேட்பார் அண்ணன். இல்லை என்றால் ரோகிணியிடம் திரும்பிப் போவார்.

சனிக்கிழமை உன் மகள் பிரியாவோடு மாமல்லபுரம் கடற்கரையில் இருந்தபோது ஆய்வகத்திலிருந்து போன். “வெறும் கொழுப்புக் கட்டிதான் மேடம்.” அப்படியே மணலில் உட்கார்ந்து அழுதேன். “இன்னா சித்தி, இன்னா ஆச்சு?” என்று பதறினாள். சொன்னதும் என்னைக் கட்டிக்கொண்டாள். ஏழுமலை அண்ணனைக் கூப்பிட்டேன். “இப்பதான் மூச்சே வருது டாக்டரம்மா” என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து பிரியா கேட்டாள்: “புலிக்குப் பாத்துட்ட. உனக்கு எப்ப சித்தி பாத்துக்குவ?”

நீ போய் ஆறு வருஷம். ஒருமுறைகூட நான் பரிசோதித்துக்கொள்ளவில்லை அக்கா. பயம்தான், வேறென்ன?

வருகிற வெள்ளிக்கிழமை செங்கல்பட்டில் டாக்டரிடம் நாள் வாங்கியிருக்கிறேன். பிரியாவும் வருகிறாள். இனி வருஷா வருஷம் போவேன். முடிவு எதுவாக இருந்தாலும் உன் மகளிடம் மறைக்க மாட்டேன். அவளையும் மறைக்க விட மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் கூடப் பிறந்தவள்,
ஸ்டெல்லா