நுரைத்த தொட்டியும் அரை மூட்டை வெல்லமும்

செவ்வாய்க்கிழமை, இரவு

கப்பலூர் சாயப்பட்டறையில் கழிவுநீர்த் தொட்டி இன்று நுரைத்து வழிந்தது. பதினைந்து வருடமாக அதைப் பார்த்துக்கொள்பவன் நான். முதலாளி கூப்பிட்டதோ, போன மாதம் சேர்ந்த கெமிஸ்ட் ஸ்டெல்லாவை.

"வாங்க டாக்டரம்மா, தொட்டிக்குக் காய்ச்சலா?" என்றேன். அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே மைக்ராஸ்கோப்பைக் காட்டியது. நூல் நூலாகக் கிருமி.

"இனிப்பு கூடுனா இதுதாண்ணே பெருகும். சகதி அடியில தங்காம நுரைச்சு மேல வந்துரும். வெல்லம் எம்புட்டுப் போட்டீங்க?"

"எப்பவும் போடுறதுதான்."

பொய். அழுக்கைத் தின்னும் நல்ல கிருமிக்கு வெல்லம் தீனி. ஸ்டெல்லா வந்த பிறகுதான் தண்ணீர் தெளிந்தது என்று முதலாளி புகழ்ந்தார். அதைவிடத் தெளியவைக்கிறேன் என்று ஞாயிறன்று அரை மூட்டையைக் கரைத்து ஊற்றினேன்.

முதலாளி கத்தியதும் அந்தப் பிள்ளை, "என் கணக்குதான் தப்பு சார்" என்றது. ஏச்சு முழுவதையும் வாங்கிக்கொண்டது. போகும்போது என்னிடம் மெதுவாக, "வெல்லச் சாக்கு மோட்டார் ரூம் பின்னாடி கெடக்குண்ணே, மொதலாளி பாக்குறதுக்குள்ள எடுத்துருங்க" என்றது.

படிப்பும் அதற்கு, பேரும் அதற்கு. நல்ல மனுசன் என்ற ஒன்றுதான் என்னிடம் இருந்தது. இன்று அதிலும் என்னை முந்திவிட்டது.