எறிவது எங்கே என்று கேட்டவளுக்கு

இன்று காலை துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஒரு பிள்ளைத்துணி கிடந்தது. பாசி பிடித்து, எறும்பு ஏறி, என் பழைய வேட்டியின் பச்சைக் கரை மட்டும் மங்காமல். எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தேன். கட்டிச் சோப்பின் வாடை இன்னும் போகவில்லை. மகள் ஷீபாவும் குழந்தையும் சென்னைக்குப் போய் ஒரு வாரம் ஆகிறது. வீட்டில் நான் மட்டும்தான். அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு உன்னைத்தான் திட்டினேன். போன ஆளைத் திட்டக் கூடாது என்பார்கள். சொல்லுகிறவர்களுக்கு என்ன, அவர்கள் மழைக்காலத்தில் பிள்ளைத்துணி துவைத்தார்களா?

வயிற்றில் பிள்ளை உண்டு என்று நம் மகள் போனில் சொன்ன வாரமே நீ என் வேட்டிகளை வெட்ட ஆரம்பித்துவிட்டாய். நல்ல வேட்டி, பழைய வேட்டி என்று பார்த்தாயா? ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு உடுத்திக்கொண்டு போகிற வேட்டி எங்கே என்று நான் அலமாரியைக் குடைந்தால், அது நாலாக மடித்துத் தைத்த சதுரங்களாகக் கட்டிலில் கிடக்கிறது. கேட்டதற்கு, மெத்தென்று இருக்கிற துணிதான் பிள்ளைக்கு ஆகும், உங்களுக்கு இனி என்ன கலியாணமா என்றாய். பெட்டி நிறையத் தைத்து, வேப்பிலை போட்டு மூடி வைத்தாய். பிறகு ஒரு நாள் நெஞ்சு அடைக்கிறது என்றாய். நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவளைத் திருப்பிக் கூட்டிவர முடியவில்லை. பேத்தியை நீ பார்க்கவில்லை. பெட்டி மட்டும் இருந்தது.

உன்னோடு கடைக்குப் போவது எனக்கு எந்நாளும் ஒரு தண்டனைதான். மீன் வாங்கத் தூக்குவாளி, அரிசிக்குத் துணிப்பை, எண்ணெய்க்குப் பழைய பாட்டில். நான் ஆசைப்பட்டு ஒரு ஷாம்பூவையோ பிஸ்கட் பாக்கெட்டையோ எடுத்துவிட்டால் போதும், ஆள் நிற்கிறார்களே என்றுகூடப் பார்க்க மாட்டாய். "எறியுதது எங்கேன்னு முதல்ல சொல்லுங்க. பொறவு வாங்கலாம்" என்பாய். பூதப்பாண்டியில் அந்தப் பலசரக்குக் கடைக்காரர் உன்னைத் தூரத்தில் கண்டாலே பிளாஸ்டிக் கவர்க்கட்டை மேசைக்கு அடியில் தள்ளிவிடுவார். பஸ் டெப்போவில் எத்தனையோ எஞ்சினைப் பிரித்து மாட்டினவன் நான். உன் அந்தக் கேள்விக்கு மட்டும் எனக்குப் பதில் கிடைத்ததே இல்லை. பாக்கெட்டைத் திருப்பி வைத்துவிட்டு உன் பின்னால் நடப்பேன்.

ஷீபா பிரசவத்துக்கு இங்கேதான் வந்தாள். அம்மை இல்லாத வீட்டுக்குப் பேறுகாலத்துக்கு வந்த பிள்ளை. குழந்தையைக் குளிப்பாட்ட மார்த்தாண்டத்திலிருந்து என் அக்கா வந்து நின்றாள். அக்காவுக்கு முட்டுவலி, குனிந்து துவைக்க முடியாது. ஷீபா உன் பெட்டியைத் திறந்து பார்த்து நன்றாக அழுதாள். அழுது முடித்துவிட்டுப் பெட்டியை மூடினாள். டயப்பரே வாங்குங்கப்பா, இதைத் துவைக்க இனி யாரு இருக்கா என்றாள். நியாயமான பேச்சுதான். ஆனால் அவள் பெட்டியை மூடியது எனக்குப் பொறுக்கவில்லை. நான் துவைக்கேன் மக்களே என்று சொல்லிவிட்டேன்.

சொன்னதற்குத் துவைத்தேன். காலையில் கண் விழித்தால் கல்லடியில்தான். அலசி, வெந்நீரில் போட்டு, சோப்புத் தேய்த்து, மறுபடி அலசி, பிழிந்து, கொடியில் போட்டு நிமிர்ந்தால் இடுப்பு என்னுடையதாகவே இல்லை. நிமிர்வதற்குள் அடுத்தது வந்து விழும். அத்தனை சின்ன உடம்புக்குள் அத்தனையும் எங்கே இருந்தது என்று எனக்கு விளங்கவே இல்லை. அடுத்த வீட்டுக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, என்ன அண்ணாச்சி, பென்ஷன் வாங்கிக்கிட்டு வேற வேலைக்குச் சேந்தாச்சா என்றார். நீ இருந்திருந்தால் அவருக்கு நல்ல பதில் கிடைத்திருக்கும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பிழிந்தேன்.

மருமகனுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை என்பது உனக்குத் தெரியும். இந்த விஷயத்தில் அவரும் உன் கட்சிதான், கேட்டியா. பிளாஸ்டிக்கே கூடாது, பூமி கெடுகிறது என்று வீடியோ காலில் தினமும் ஒரு பிரசங்கம் இருக்கும். நான் குனிந்து நிமிர்ந்து சாகிறதைக் கேள்விப்பட்டு, எக்கோ ஃபிரண்ட்லி டயப்பர் ஆர்டர் போட்டிருக்கேன் மாமா என்றார். பெட்டி வந்தது. பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் காற்றடைத்த பிளாஸ்டிக் பைகள், அதற்கும் உள்ளே பச்சை இலை படம் போட்ட பாக்கெட். மூங்கில் நாராம், மக்கிவிடுமாம். எறிவது எங்கே என்று உன் கேள்வியை நானே அவரிடம் கேட்டேன். மண்ணில் புதைத்தால் போதும், வெப்சைட்டில் போட்டிருக்கிறது என்றார். எனக்கு வந்த நிம்மதியை என்ன சொல்ல. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கேள்விக்கு ஒரு பதில் கிடைத்திருக்கிறது. தென்னை மூட்டில் குழி வெட்டி, ஒவ்வொரு நாளும் புதைத்து மண் மூடினேன். உன்னிடம் சொல்ல முடியவில்லையே என்றுதான் இருந்தது.

பிறகு மழை பிடித்தது. நம்ம ஊர் மழையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டாம், அது வந்தால் எழுந்து போகாது. ஒரு காலையில் பார்க்கிறேன், தெருநாய் குழியைத் தோண்டி முற்றம் முழுக்க இழுத்துப் போட்டிருக்கிறது. ஒன்றாவது மக்கியிருக்க வேண்டுமே. தண்ணீர் குடித்து இட்டிலி மாதிரி ஊதிக் கிடந்தன. மழைத்தண்ணீரோடு சில, வயலுக்குத் தண்ணீர் போகிற சானலுக்குள் போய்விட்டன. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நம் வயலுக்கு ஓடினேன். நினைத்தபடியே மடை அடைத்து நின்றது. இறங்கிக் கையால் இழுத்தேன். நம்முடையது மட்டும் இல்லை. பொம்மை போட்டது, பூப்போட்டது, கவரில் முடிந்து பாலத்திலிருந்து எறிந்தது என்று ஊர்ப்பிள்ளைகள் எல்லாருடையதும் அங்கேதான் இருந்தது. எது என் பேத்தியுடையது என்று பிரிக்க முடியவில்லை. அந்த வயல் நெல்லைத்தான் நாம் குத்திச் சாப்பிடுகிறோம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, அந்த இலைப் படம் போட்டவன் கையில் கிடைத்திருந்தால் மடைக்குள்ளேயே இறக்கியிருப்பேன். அவன் வெப்சைட்டில் மக்கியிருக்கும், என் மண்ணில் மக்கவில்லை.

அன்றே சொல்லிவிட்டேன், இனி இந்த வீட்டில் துணி மட்டும்தான். வெயில் இருந்தால் அந்த வீம்பு நிலைத்திருக்கும். வீட்டுக்குள் கொடி கட்டி, ஃபேனைப் போட்டு, நாற்காலி முதுகு, ஜன்னல் கம்பி என்று ஒரு இடம் விடாமல் போட்டேன். சவத்துத் துணி காய்ந்தால்தானே. வீடு முழுக்க ஈர வாடை. கடைசியில் இஸ்திரிப் பெட்டியை எடுத்து ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். கரண்டைக் குடித்துத்தான் உன் துணி காய்ந்தது, அதுவும் முழுசாகக் காயவில்லை. குழந்தையின் தொடையிடுக்கு சிவந்து புண்ணாகிவிட்டது. பால் குடிக்காமல் கத்தியது. தையல் ஆறாத உடம்போடு ஷீபா அதைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து நடந்து, நான் இஸ்திரி போடுகிற இடத்தில் வந்து நின்றாள்.

"அப்பா, உங்களுக்கு அம்மைக்க துணி பெருசா, என் பிள்ளைக்க தோலு பெருசா?"

எனக்கு மனசு வெந்துபோயிற்று. அவள் அம்மையைப் பற்றித் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் உன்னையே வெளியில் தூக்கிப் போடச் சொன்னது போல இருந்தது. குடையை எடுத்துக்கொண்டு மெடிக்கலுக்குப் போய் சாதா டயப்பர் வாங்கினேன். கடைக்காரர் கவரில் போட்டுக் கொடுத்தார், அதையும் பேசாமல் வாங்கிக்கொண்டேன். இரவுக்கு டயப்பர், பகலில் காய்ந்த துணி இருந்தால் துணி என்று ஆயிற்று. புண் ஆறிவிட்டது. அழுக்கு டயப்பரைத் தனியே கட்டிப் பஞ்சாயத்து வண்டியில் கொடுத்தேன். இதை எங்கம்மா கொண்டுபோறீங்க என்று வண்டிக்காரப் பெண்ணிடம் கேட்டதற்கு, கொண்டு தட்டுவோம் அண்ணாச்சி என்றாள். எங்கே தட்டுவீங்க என்றேன். வயசானவர், பாவம் என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தாள். உன் கேள்விக்கு இந்த ஊரில் ஒருத்தரிடமும் பதில் இல்லை. கேள்வியை மட்டும் என் தலையில் கட்டிவிட்டு நீ போய்விட்டாய்.

ஷீபாவையும் குழந்தையையும் அழைத்துப் போக மருமகன் வந்தார். அக்கா நெய்மீன் பொரித்து வைத்தாள். சாப்பிட உட்கார்ந்ததும் மடைக் கதையைச் சொன்னேன். கேட்டு ரொம்ப வருத்தப்பட்டார். உண்மையான வருத்தம்தான், மனுஷன் நல்லவர். வருத்தப்பட்டு முடித்துவிட்டு ஒரு தீர்மானமும் சொன்னார். "சென்னையில டயப்பரே வேண்டாம் மாமா. அத்தை தைச்ச துணி இருக்கே, முழுக்க அதுவே போதும். ஷீபா பாத்துக்குவா."

ஷீபாவின் கை சோற்றில் அப்படியே நின்றுவிட்டது. அஞ்சாம் மாடி வீடு, வேலைக்கு ஆள் கிடையாது, லீவு முடிந்தால் அவளும் ஆபீஸ் போக வேண்டும். இத்தனை நாள் கல்லில் குனிந்து நின்றவன் நான், அந்த இரண்டு வார்த்தைக்குள் எவ்வளவு வேலை இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

மருமகன் வந்தால் நம் வீடுகளில் நடக்கிற மரியாதையை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. காப்பி குடித்த டம்ளரைக்கூட அவர் எடுத்து வைக்க விடமாட்டோம். மறுநாள் காலையில் நான் வாளியைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

"மாப்ளே, இந்த வீட்டுல எக்கோ ஃபிரண்ட்லின்னு சொல்லுதவங்கதான் துவைக்கணும். வாங்க, காட்டித் தாறேன்."

அக்கா நெஞ்சில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். மருமகனைப் பீத்துணி துவைக்க விட்ட குடும்பம் என்று ஊர் சிரிக்குமாம், சம்பந்தக்காரர்கள் முகத்தில் எப்படி விழிப்பதாம். சம்பந்தக்காரர்கள் வந்தால் அவர்களுக்கும் ஒரு வாளி எடுத்து வைக்கிறேன் என்றேன். மருமகன் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பிறகு பேண்டை முட்டுவரை சுருட்டிவிட்டுக்கொண்டு வந்தார். முதல் துணியை எடுத்ததும் வாழை மூட்டுப் பக்கம் போய்க் குமட்டிவிட்டுத் திரும்பினார். நான் உதவிக்குப் போகவில்லை. அலசச் சொன்னேன், அலசினார். தேய்க்கச் சொன்னேன், பாதி சோப்பைக் கரைத்தார். பின்வாசலில் ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பினால், ஷீபா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, தையல் வலிக்கிற இடத்தை அமுக்கிப் பிடித்தபடி சிரிக்கிறாள். நீ போனபிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"பிழிஞ்சா போதாது. உதறிப் போடுங்க" என்றாள் அவரிடம்.

பெட்டியைக் கொண்டுபோனார்கள். கார் ஏறுவதற்கு முன் அவளே கணக்கைத் தீர்த்துவிட்டாள். அவர் துவைக்கிற நாளைக்குத் துணி, துவைக்காத நாளைக்கு டயப்பர், அதற்கு மேல் யாரும் தன்னிடம் பூமியைப் பற்றிப் பேசக் கூடாது. நேற்று போன் பண்ணினாள். இரண்டு நாள் ஒழுங்காகத் துவைத்தாராம், மூன்றாம் நாள் மீட்டிங்காம். எனக்கு எரிச்சல் வந்தது, சிரிப்பும் வந்தது. அந்த டயப்பர் எங்கே போகிறது என்று வாய்வரை வந்ததை முழுங்கிவிட்டு, புண் ஏதும் இல்லையே மக்களே என்று மட்டும் கேட்டேன்.

மருமகன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபமெல்லாம் உன் மேல்தான் ஏட்டி. ஷீபா பிறந்ததும் இதே மாதிரி ஒரு மழையில்தான். நான் டெப்போ விட்டு வந்தால் உலர்ந்த துணி அடுக்காக இருக்கும். அது எப்படி உலர்ந்தது, நீ எத்தனை தடவை குனிந்தாய், உன் இடுப்பு என்ன ஆயிற்று, ஒரு வார்த்தை சொன்னாயா? நான் நாலு எட்டு தள்ளிப் பேப்பர் படித்துக்கொண்டுதானே இருந்தேன். இஞ்ச வாங்க, வந்து இதைப் பிழிங்க என்று ஒரு சத்தம் போட்டிருக்கலாமே. வந்திருப்பீங்களா என்று என்னைக் கேட்காதே.

கூப்பிட்டிருக்கலாம்.