மூன்றாம் மேஜையின் பீன்ஸ்

ஜூன் 10

இன்று மதியம் அச்சகத்துக் கழிவறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, கைக்குட்டையில் பொதிந்து வந்த அவித்த பீன்ஸைக் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். ஐம்பத்தொரு வயதில் செய்கிற காரியமா இது? அதுவும் போகமாட்டேன் என்று மிதந்தது. மூன்று வாளி ஊற்றினேன். வெளியே மேலாளர் கதவைத் தட்டி, “உடம்புக்கு என்னம்மா?” என்றார். “அஜீரணம் சார்” என்றேன். சாப்பிட்டிருந்தால்தானே அஜீரணம்!

எல்லாம் என் கொழுந்தனால். தராசு என்பது நான் வைத்த பெயர். குழந்தைகள் காய்கறி, பழம் சாப்பிடுவதும் சாப்பிடாததும் எதனால் என்று ஆறு வருடமாக ஆராய்கிறான். பிள்ளை பெற்ற எவளைக் கேட்டிருந்தாலும் அடுப்படியில் நின்றபடியே சொல்லியிருப்பாள். அவளுக்கு யார் சம்பளம் கொடுப்பது?

அச்சகத்துக்கு எதிரே இருக்கும் பள்ளியில்தான் சோதனை. சாப்பாட்டுக் கூடத்தில் மூன்று மேஜை. முதல் மேஜைக்கு மேலே சிரிக்கும் கேரட் படம். கடிபடப் போகிற கேரட்டுக்கு என்ன சிரிப்பு வேண்டியிருக்கிறது? இரண்டாவதில், காய் தின்றால் ஸ்டிக்கர். பிள்ளைகள் ஸ்டிக்கரைத்தான் தின்பார்கள். மூன்றாவதில் ஒரு பெரியவர் கூடவே உட்கார்ந்து ஆசை ஆசையாகச் சாப்பிட வேண்டும். காயைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. அந்தப் பெரியவர் நான். பச்சையாக எதைப் பார்த்தாலும் குமட்டுகிற நான்!

“வேற ஆளே கிடைக்கலையா தம்பி?” என்றேன்.

“நீங்க சப்புக் கொட்டினா பக்கத்து வீட்டுக்கே பசிக்கும் அண்ணி. இந்த மாசக் கடைசிக்குள்ள உருப்படியா ஒரு முடிவு காட்டலைன்னா என்னை அனுப்பிடுவாங்க.”

அப்படிக் கேட்டால் என்ன செய்வது? போனேன். ஒரு பீன்ஸை மென்று கண்ணை மூடி “ம்ம்” என்றேன். இரண்டாவது தொண்டைக்குள் இறங்கவில்லை. பிறகு கை கைக்குட்டையைத் தேடிக்கொண்டது. பிள்ளைகள் கூச்சப்படுமாம், ஆய்வுக்காரர்கள் யாரும் கூடத்துக்குள் எட்டிப் பார்க்கக் கூடாதாம். தராசு பின்னறையில் உட்கார்ந்து திரும்பி வரும் தட்டுகளை எடை போடுகிறான். மிச்சம் இல்லையென்றால் வயிற்றுக்குள் போய்விட்டது என்று கணக்கு. இதைக் கண்டுபிடிக்க ஒரு பல்கலைக்கழகம்!

ஜூன் 12

இன்று பீட்ரூட். வீட்டுக்காரர் துவைக்கப் போட்ட கைக்குட்டையைப் பார்த்துவிட்டுப் பதறிப்போய், “ஐயையோ, ரத்தமா?” என்றார்.

“இல்ல, ஆராய்ச்சி.”

மேற்கொண்டு கேட்கவில்லை. தம்பியைப் பற்றி அவருக்கும் தெரியும்.

ஜூன் 17

தராசு வீட்டுக்கே ஓடி வந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “அண்ணி! மூணாவது மேஜையில தட்டெல்லாம் கழுவி வெச்ச மாதிரி வருது! மத்த ரெண்டு மேஜையிலயும் பாதிக்கு மேல மிச்சம்!”

கேரட் படம் தோற்றது. ஸ்டிக்கர் தோற்றது. நான் ஜெயித்தேன். உள்ளுக்குள் ஒரு மிதப்பு, பொய் சொல்வானேன். என் “ம்ம்”மில் ஏதோ இருக்கிறது. எப்போதுமே இருந்தது, இந்த வீட்டில்தான் மதிக்க ஆளில்லை.

அவனுடைய துறைத் தலைவியும் அசந்துவிட்டாளாம். காய்கறியின் மகிமை பற்றிப் புத்தகமே போட்ட அம்மாள், கூட்டத்தில் கிரீம் பிஸ்கட்டைத் தவிர வேறெதையும் தொடமாட்டாளாம். பிஸ்கட்டையும் பிரித்து, கிரீமை மட்டும் நக்குவாளாம். இவள் ஊருக்குப் புத்தி சொல்கிறாள்.

ஜூன் 19

முட்டைகோஸ். கடவுள் என்று ஒருவர் இருந்தால் இதற்குப் பதில் சொல்லட்டும்.

ஜூன் 23

போச்சு.

கைக்குட்டையை மடித்துவிட்டு நிமிர்ந்தேன். மேஜை முழுக்க அதே வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு வாண்டு கண்ணை மூடி “ம்ம்” என்றது, உதட்டை ஒற்றிக்கொண்டது, கேரட் கைக்குட்டைக்குள் போனது, கைக்குட்டை பைக்குள் போனது. எனக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி ஒவ்வொன்றும் அப்படியே! கைக்குட்டை இல்லாத ஒன்று காலுறைக்குள் திணித்தது. என் பக்கத்தில் உட்காருகிற ஓட்டைப்பல் மட்டும் என் பக்கம் சாய்ந்து, “ஆன்ட்டி, நாளைக்குப் பெரிய கர்ச்சீப் கொண்டு வாங்க, பூசணிக்காயாம்” என்றாள்.

கழுவி வைத்த தட்டாம்! முடிவாம்!

ஜூன் 24

நாளை மறுநாள் தராசு துறைக் கூட்டத்தில் பேச வேண்டும். நான் சொல்லாவிட்டால் அவன் வேலை தப்பும். யாருக்கு நஷ்டம்? உலகத்தில் இத்தனை பொய்யான ஆராய்ச்சிக்கு நடுவே ஒரு கைப்பிடி கேரட் கூடினால் என்ன? ஆனால் இதை நம்பி ஊர்ப் பள்ளிக்கூடமெல்லாம் மேஜைக்கு ஒரு ஆளை உட்கார வைத்தால்... அப்புறம் எவனாவது ஒருவன் பிள்ளைகளின் பையைத் திறந்து பார்ப்பான். அன்றைக்கு இவன் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வான்? ஐயோ, நான் ஏன்டா போனேன் அங்க? வாயை மூடிக்கிட்டுத் தின்னிருந்தா செத்தா போயிருப்பேன்?

சாயங்காலம் அவன் வீட்டுக்கே போய்ச் சொன்னேன்.

சிரிப்பான் என்று ஒரு நப்பாசை இருந்தது. நோட்டை எடுத்துப் பிரித்தான். பிறகு, “எத்தனை பிள்ளைங்க அண்ணி?” என்றான்.

“எல்லாரும்தான்.”

“நீங்க?”

“நான்தான் முதல்ல.”

“ஒரு வாய் கூடவா சாப்பிடலை?”

“ஒரு பீன்ஸ் சாப்பிட்டேன்டா தம்பி.”

எழுந்து உள்ளே போய்விட்டான். அவன் அப்படிக் கத்தாமல் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆறு வருஷம். நான் பார்த்துப் பார்த்துச் சிரித்த ஆறு வருஷம்.

ஜூன் 26

கூட்டத்தில் உண்மையையே சொல்லிவிட்டான். கைக்குட்டை, காலுறை, எதையும் விடவில்லை. ‘அண்ணி’ என்பதற்குப் பதில் ‘மேஜைப் பெரியவர்’ என்றானாம். அந்த மட்டுக்கும் பெருந்தன்மை.

கிரீம் பிஸ்கட் அம்மாள் முதலில் முறைத்தாளாம். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தாளாம். “அவங்க சொன்னதை ஒரு பிள்ளையும் செய்யலை, ஒளிச்சுச் செஞ்சதை ஒண்ணு விடாம செஞ்சிருக்கு. இதைவிடப் பெரிய முடிவு என்ன வேணும்? இதையே எழுதுங்க” என்றாளாம்.

நான் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவேயில்லையே, “ம்ம்” தவிர. இருந்தாலும் படித்தவர்கள் சொன்னால் சரி.

ஜூலை 2

தராசுக்கு இரண்டு வருட நீட்டிப்பு. உத்தரவு கைக்கு வந்துவிட்டது. இனிப்புப் பெட்டியோடு வந்தான். பெரியவர்கள் மறைப்பதைப் பார்த்துத்தான் குழந்தைகள் மறைக்கக் கற்கிறார்கள் என்பதுதான் புதுக் கட்டுரை. என் கைக்குட்டைக்கு மட்டும் நான்கு பக்கமாம். வீட்டுக்காரர் அதற்குள் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

“எல்லாம் உங்களாலதான் அண்ணி” என்றான். இனிப்பை வாயில் போட்டுக்கொண்டு தலையாட்டினேன்.

ஒன்றை மட்டும் அவனிடம் சொல்லவில்லை, இதுவரை இந்த நோட்டிலும் எழுதவில்லை. முதல் நாள் இரண்டாவது பீன்ஸ் தொண்டையில் நின்று நான் விழித்துக்கொண்டிருந்தபோது, ஓட்டைப்பல் தன் கைக்குட்டையை மடியில் விரித்தாள், நான்கைந்து பீன்ஸை அள்ளி வைத்து மடித்தாள், என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். அதற்குப் பிறகுதான் நான் என்னுடையதை எடுத்தேன்.