உப்பளத்து மேகமும் என் போர்வையும்

மரக்காணம்,
18.8.2005

அன்பு அக்கா அம்சவல்லிக்கும் மாமாவுக்கும் தம்பி தெய்வசிகாமணியின் வணக்கம். நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

செவ்வாய்க்கிழமை பெய்த மழையை நான் காலையிலேயே சொல்லிவிட்டேன். செதில் செதிலாக இருப்பது ஒரு மேகம், பஞ்சுப் பொதி ஒரு மேகம், அடி கறுத்துக் காலிஃபிளவர் போலப் பூத்தால் இடி மேகம். வானிலை ஆபீசருக்கே இவ்வளவு தெரியாது. இந்த உப்பளமே என்னைக் கேட்டுத்தான் உப்புக் குவியலைக் கீற்றால் மூடுகிறது. பக்கத்துப் பாத்தியைக் குத்தகை எடுத்த மேரிசெல்வியும், "அண்ணே, இன்னிக்கு மூடணுமா?" என்று கேட்டாள். "இடி மேகம்மா, மூடிடு" என்றேன். உப்பு தப்பியது.

சரண்யாவின் பழைய அறிவியல் புத்தகத்தில் மேகப் படம் இருந்தால் அனுப்பு. சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று அவள் மாமன் பார்க்க வேண்டும். கூடவே ஒரு போர்வையும் வை. என்னுடையது உப்புத் தண்ணீரில் ஊறிவிட்டது.

அக்கா, ஒன்று மட்டும் நானாகச் சேர்த்தது. "வெறும் பஞ்சு மேகம், மூடாத" என்றுதான் மேரிசெல்வியிடம் சொன்னேன். மழை இறங்கியதும் அவள் குவியலை மூடப் போர்வையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பாதி உப்புதான் மிஞ்சியது. இன்று காலையும் அவள் வானத்தைக் காட்டி என்னைத்தான் கேட்டாள். படத்தைச் சீக்கிரம் அனுப்பு.

தம்பி