கியூவுக்குப் பார்த்த பட்டி

கும்மிடிப்பூண்டி,
சனிக்கிழமை.

என் செல்ல மகன் ஐசக்குக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையில் இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம், மஸ்கட்டில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லபடி இருக்க வேண்டும். போன் இருக்கும்போது இவள் ஏன் காகிதத்தைத் தேடுகிறாள் என்று நினைப்பாய். உன் பேர் போனில் வந்ததுமே அப்பா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார், நான் என்னத்தைப் பேச. எதிர்வீட்டு லோகு லீவு முடிந்து திங்கட்கிழமை அங்கே கிளம்புகிறான், அவனிடம் உன் ஸ்நூக்கர் குச்சியையும் இட்லிப்பொடி டப்பாவையும் கொடுக்கிறேன், டப்பாவுக்குள் இந்தக் கடிதம். குச்சி என்றால் உனக்குக் கோபம் வரும், கியூ என்றே எழுதுகிறேன். உன் தங்கை பிரின்சிக்கு இன்னும் நைட் ஷிப்டுதான், கம்பெனி பஸ்ஸிலேயே தூங்கி வழிகிறாள். நீ அனுப்பிய மிக்சி நன்றாக ஓடுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். போன மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து உன் கியூ ஊறி, வார்னிஷெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிட்டது உனக்கே தெரியும். அங்கே கிளப் போட்டிக்கு அதுதான் வேண்டும், பழையதைச் சுரண்டிவிட்டு எண்ணெய் பாலிஷ் போட்டு அனுப்புங்கள் அப்பா என்று நீ கேட்டாயே, அன்றைக்கு அப்பா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். டிரம் கம்பெனியில் பெயிண்ட் அடிக்க மெஷின் வந்து அவரை நிறுத்தியதிலிருந்து மனுஷன் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். நீ மாசாமாசம் அனுப்புகிறாயே தவிர அவரிடம் ஒன்றும் கேட்டதில்லை. முதல் தடவையாகக் கேட்டாய், அதுவும் அவர் தொழிலையே கேட்டாய். மறுநாளே உப்புத்தாள் வாங்கி வந்து உட்கார்ந்துவிட்டார்.

வார்னிஷ் போனதும் மரம் வெளுப்பாக, ஓடுகிற ரேகைகளில் பொடிப்பொடியாகக் குழியோடு இருந்தது. இரும்பு டிரம்மில் குழி இருந்தால் என்ன செய்வார்களோ அதையே இதற்கும் செய்தார், சாம்பல் நிறப் பட்டியைக் குழைத்து ஒரு ரேகை விடாமல் அடைத்துத் தேய்த்துவிட்டார். கண்ணாடி மாதிரி வழவழவென்று ஆனது, நானும் விவரம் தெரியாமல் நல்லா இருக்குதுங்க என்றேன். ஷிப்டு முடிந்து வந்த பிரின்சி கையில் எடுத்தவள், அண்ணன் மரத்தில் அம்புக்குறி மாதிரி ஓடுகிற ரேகையைப் பார்த்துத்தானே கியூவைப் பிடிக்கும், ஒரு கோடுகூடக் காணோமே என்றாள். அப்பா கியூவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "குழி இருந்தா பட்டி பாக்கணும்மா. இத்தினி வருசமா அதான செஞ்சினு இருந்தேன்" என்றார்.

அதை எடுக்கப் போய்த்தான் வினை. மரத்துக்குள் இறங்கிய பட்டி லேசில் வருமா? தேய்க்கத் தேய்க்கப் பட்டி நின்றது, மரம்தான் மாவாகக் கொட்டியது. போதும் விடுங்கள் என்று கெஞ்சினேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை. கண்ணெதிரே கியூ இளைப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர என்னால் என்ன செய்ய முடியும் கண்ணு.

கடைசியில் பொன்னேரியில் கதவுக்குப் பாலிஷ் போடும் வரதனிடம் கொண்டு போனார். இனிமேல் தேய்க்காதே, மிச்சம் இருக்கிற சாம்பல் பட்டி தெரியாமலிருக்கக் கறுப்பு ஃபில்லர் பசைதான் சரி, ரேகைக்குக் குறுக்கே தேய்த்து உடனே துடைத்துவிடு என்று அவர் சொல்லி அனுப்பினார். அது முடிந்ததும் மேல்பூச்சுக்கு ஒரு பெரிய யோசனை. பெயிண்ட் கடைக்காரர் பியூ என்று பளபளவென்று இருக்கும் ஒரு வார்னிஷைக் காட்டினாராம், அப்பாவுக்கு அதில்தான் ஆசை. வேர்த்த கையில் ஒட்டும், அண்ணன் எண்ணெய்தான் கேட்டது என்று பிரின்சி சொன்னாள். இரண்டு டப்பாவையும் வைத்துக்கொண்டு, நீ சொல்லு மெர்சி என்கிறார். எனக்கு என்ன தெரியும்? எது போட்டாலும் போன மரம் வருமா? உன் சொல்லை மீறாமல் ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டுத் தொட்டுப் பூசிக் காயவைத்தார். இப்போது அம்புக்குறியெல்லாம் கறுப்பாக எடுப்பாகத் தெரிகிறது, அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மெலிந்துவிட்டது. முனையில் இருக்கும் பித்தளை வளையம் மரத்தைவிடத் துருத்திக்கொண்டு நிற்கிறது, லேசாக அழுத்தினாலே வளைகிறது என்கிறாள் பிரின்சி.

தினமும் காலையில் அந்த வளையத்தின் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார்க்கிறார். இன்றைக்கு என் விரலைப் பிடித்து அங்கே வைத்து, "இன்னாம்மே, தட்டுதா?" என்றார். ஒன்றும் தட்டவில்லைங்க என்றேன். நாளைக்குக் கோயிலுக்குப் போக வேண்டியவள், அப்படிச் சொன்னேன்.

உன் பொருள் கெட்டுப்போனதற்கு வயிறு எரிகிறது ராஜா. ஆட உதவாவிட்டால் யாரிடமாவது வேறு கியூ வாங்கி ஆடு, அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். பிரித்துப் பார்த்ததும் போன் செய்வாய், ஸ்பீக்கரில்தான் இருப்பார். ஆகா ஓகோ என்று புகழாதே, உன் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். மறுபடியும் எப்போது எண்ணெய் போட வேண்டும் என்று மட்டும் அவரைக் கேள்.

வெயிலில் அலையாதே, மாத்திரையை விடாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. படித்ததும் கிழித்துப் போடு.

உன் அம்மா,
மெர்சி எட்வர்ட்