முதல் கை சோறு

ஆடி 9, திங்கள்
காலையில் தூறல். பள்ளிக்கூடத்துக் குடம் இரண்டும் கழுவித் தண்ணீர் நிரப்பியாயிற்று. வராண்டா பெருக்குவது பாக்கி.

வேலூரிலிருந்து ஒரு அம்மா வந்திருக்கிறார். பிள்ளைகளின் குணம் பார்க்கிற கேள்விகளாம். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் மாற்றி, நம் பிள்ளைகளுக்குப் புரிகிறதா என்று பார்க்கிறார்.

"நீ தனிமையை விரும்புகிறாயா?" வகுப்பு முழுக்க, "ஆமாம் டீச்சர்!" "கூட்டத்தை விரும்புகிறாயா?" அதற்கும், "ஆமாம் டீச்சர்!" சிரித்துவிட்டேன். மகன் மணி காய்ச்சலில் போன பிறகு இன்றைக்குத்தான்.

"ஒவ்வொண்ணா கூப்டுங்கம்மா. நம்ம பேச்சுல கேட்டாதான் வாய் தொறக்கும்."

"அப்ப நீயே கேளு ராணி" என்றார்.

ஆடி 10, செவ்வாய்
வெயில். தோல் பதனிடுகிற ஷாப்பு நாற்றம் ஜாஸ்தி. வேப்பமரத்தடியில் பாய்.

"சொல்றது யாருக்கும் போகாது. உங்க டீச்சருக்குக்கூட" என்றார் அந்த அம்மா. நானும் ஒவ்வொன்றிடமும், "யாருக்கும் போகாது. நான் இருக்கேன், தைரியமா சொல்லு" என்றேன். சொல்லின.

என் மகள் செல்வியிடமும் அப்படியே சொல்லி அனுப்பினேன்; அவளை மட்டும் அவரே கேட்டார். பெற்றவள் கேட்கக் கூடாதாம். தூரத்திலிருந்து பார்த்தேன். ரிப்பன் நுனியைக் கடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள்.

ஆடி 11, புதன்
பெரிய டீச்சர் அறைக்கு டீ. வாசலிலேயே காதில் விழுந்தது.

அந்த அம்மா: "'அம்மாவுக்கு யார ரொம்பப் புடிக்கும்'னு கேட்டா, 'செத்துப்போன அண்ணன'ங்குது. அண்ணன் பேர்ல காக்காவுக்கு வெச்சப்பறம்தான் இதுக்குச் சோறாம். காக்கா வர்ற வரைக்கும் பசிக்குதாம்."

பெரிய டீச்சர்: "யாரு, நம்ம ராணி பொண்ணா? அடடா, காக்காவுக்கு அப்பறம்தான் பொண்ணா!"

சிரிப்பு. இரண்டு பேரும்.

டீயை வைத்தேன். "சக்கரை கம்மி ராணி" என்றார் பெரிய டீச்சர்.

யாருக்கும் போகாது என்றாளே. பாவி.

மணிக்கு ஒரு கை சோறு. அதுகூடவா சிரிப்பு?

செல்வி மேலும் ஆத்திரம். என்னிடம் சொல்லாததை எவளோ ஒருத்தியிடம்.

சீயக்காய், மண்ணெண்ணெய் வாங்கணும்.

ஆடி 12, வியாழன்
வகுப்பில் செல்வியை "காக்கா தங்கச்சி" என்கிறார்களாம். பெரிய டீச்சர் வாயிலிருந்துதான் போயிருக்கும். அழுதுகொண்டு வந்தாள்.

"பசிச்சா என்கிட்ட சொல்றதுக்கு இன்னாடி?"

"நீ அழுவியேம்மா."

"அவகிட்ட மட்டும் ஏன் சொன்ன?"

"யாருக்கும் போகாதுன்னு நீயும்தானேம்மா சொன்ன?"



ஆடி 17, செவ்வாய்
மேகம். மழை இல்லை. அந்த வேலூர்க்காரி திரும்ப வந்தாள். அதே பிள்ளைகள், அதே கேள்விகள். முதலில் சொன்னதையே சொல்கிறார்களா என்று பார்க்க வேண்டுமாம்.

பயம் உண்டா? இல்லீங்க. வீட்டில் அடிப்பார்களா? இல்லீங்க. எல்லாம் நல்லா இருக்குதுங்க.

"இன்னா ராணி, எல்லாரும் மாத்திச் சொல்றாங்க?"

"தெரியலம்மா."

கடைசியில் செல்வி. இந்தத் தடவை எனக்குக் கேட்கும்படி உரக்க: "எங்கம்மாவுக்கு என்னத்தான் ரொம்பப் புடிக்கும்." வாய்ப்பாடு ஒப்பிக்கிற குரல்.

மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் முதல் சோறு அவளுக்குப் போட்டேன். தட்டைத் தள்ளினாள்.

"அண்ணனுக்கு வை. காக்கா வரட்டும்."

"பசிக்கலையாடி?"

"இல்லம்மா."

அதே குரல்.